வராத சாலையின் தடம்: லண்டன் ரிங்வே திட்டமும் வரைபடக் கோட்டின் ஆயுளும்

லண்டனிலிருந்து தெற்கே காட்விக் விமான நிலையத்துக்குப் போகும் எம்23 மோட்டார்வே, ஹூலி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. அதில் ஏறுகிறவர் காணும் முதல் சந்திப்பின் எண் 7. ஒன்று முதல் ஆறு வரை எங்கும் இல்லை. வடக்கே கேம்பிரிட்ஜ் பக்கம் செல்லும் எம்11 சாலையில் எண்கள் 4-இலிருந்து தொடங்குகின்றன. எம்23 நகரத்துக்குள் ஸ்ட்ரெத்தம் வரை வந்து ரிங்வே 2 என்ற வட்டச் சாலையில் சேரும் என்றும், எம்11 இன்னும் உள்ளே இஸ்லிங்டன் பக்கம் வரை நுழையும் என்றும் திட்டமிட்டிருந்தார்கள். விடுபட்ட எண்கள் அந்தப் பகுதிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. சாலை வரவில்லை. எண் மட்டும் அரை நூற்றாண்டாகக் காத்திருக்கிறது.

கட்டப்படாத சாலைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். மக்கள் போராடி வென்றார்கள் என்பது ஒன்று. நல்ல வாய்ப்பைக் கோட்டை விட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: ஆய்வு என்பது கட்டுமானத்துக்கு முந்திய, யாரையும் தொடாத காகித நிலை, கட்டாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. இந்த அனுமானம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு தடத்தை வரைபடத்தில் குறித்த நாளிலிருந்தே அது மண்ணில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. வீட்டின் விலையை இறக்குகிறது, கூரையைச் சரிசெய்ய நினைத்தவரின் கையைக் கட்டுகிறது, பக்கத்தில் எழும் புதுக் கட்டடத்தின் ஜன்னலைக்கூடச் சிறிதாக்குகிறது. ஆகவே, கைவிடப்பட்ட திட்டத்துக்கும் செலவுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை லண்டனில் ஓரளவு போட்டுப் பார்க்க முடியும்.

ரிங்வே வளையங்களின் கோடுகள் புதியவை அல்ல. 1943-இல் பாட்ரிக் அபர்குரோம்பியும் ஜே. எச். ஃபோர்ஷாவும் லண்டன் கவுண்டிக்காக ஒரு திட்டம் தந்தார்கள். அடுத்த ஆண்டு அபர்குரோம்பி பெருநகரப் பகுதி முழுமைக்கும் இன்னொன்றைத் தயாரித்தார். குண்டுவீச்சில் இடிந்து கிடந்த நகரத்தைப் புதிதாக எழுப்பும் கனவு அது. நகரத்தைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வளையச் சாலைகள் அதில் இருந்தன. போருக்குப் பின் அரசிடம் பணமில்லை. ஆனால், கோடுகளை யாரும் அழிக்கவுமில்லை. 1965 ஏப்ரலில் கிரேட்டர் லண்டன் கவுன்சில் பொறுப்பேற்றபோது அவை பொறியாளர் மேசையில் தயாராக இருந்தன. நகர மையத்தைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மோட்டார்வே பெட்டி, அதுவே பின்னர் ரிங்வே 1. அதற்கு வெளியே ரிங்வே 2. அதற்கும் வெளியே 3, 4. 1969-இல் வெளியான பெருநகர் வளர்ச்சித் திட்டம் இவற்றைச் சட்டபூர்வ ஆவணத்தில் ஏற்றியது. உள் வளையத்துக்கு மட்டும் 1,048 ஏக்கர் நிலம் தேவைப்படும், 7,585 வீடுகள் பாதிக்கப்படும் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

இவ்வளவு பெரிய முடிவின் கீழே இருந்த ஆய்வு எப்படிப்பட்டது? 1960-களின் தொடக்கத்தில் நடந்த லண்டன் போக்குவரத்துக் கணக்கெடுப்பு அன்றைய அறிவியலின் உச்சம். கணக்கெடுப்பாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வீட்டில் யார் யார் எங்கே, எதில், எதற்காகப் போய்வந்தார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். அமெரிக்க நகரங்களிலிருந்து ஆலோசகர்கள் கொண்டுவந்த முறை அது. அந்தப் பயணங்களைக் கணினியில் ஏற்றி, எதிர்காலத்தில் எத்தனை குடும்பங்களிடம் கார் இருக்கும் என்று மதிப்பிட்டு, அவ்வளவு காரும் எந்தத் தெருவில் ஓடும் என்று பகிர்ந்து போட்டார்கள். விடை பிரம்மாண்டமாக வந்தது. இருக்கிற தெருக்களில் அடங்காத வண்டிகள். ஆகவே மோட்டார்வே வேண்டும்.

உழைப்பிலோ நேர்மையிலோ குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை கேள்வியில் இருந்தது. எத்தனை பேர் எங்கே போக வேண்டியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. அகலமான சாலை போட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குக் கிடைத்த விடையை முதலாவதன் விடையாக வைத்துக்கொண்டார்கள். சாலையை எதிர்பார்த்துக் கணித்த போக்குவரத்தே அந்தச் சாலைக்குச் சான்றாக நின்றது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு யாருக்குப் பசி என்று கேட்பதைப் போன்றது இது. கை தூக்குகிறவர் எண்ணிக்கை பொய்யல்ல, ஆனால் அது பசியின் அளவுமல்ல.

இந்த வேறுபாடு அக்காலத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 1925-இல் திறந்த கிரேட் வெஸ்ட் ரோடு பற்றி, சார்லஸ் பிரெஸ்ஸி தலைமையில் தயாரான லண்டன் நெடுஞ்சாலை அறிக்கை 1938-இலேயே ஒரு செய்தியைப் பதிந்திருந்தது. புதிய சாலை திறந்த உடனே, பழைய வழி சுமந்ததைப் போல் நாலரை மடங்கு வண்டிகளைச் சுமந்தது; ஆனால் பழைய வழியிலும் கூட்டம் குறையவில்லை. அதாவது, சாலை தனக்கு வேண்டிய வண்டிகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பது பொறியாளர்களின் அலமாரியிலேயே எழுத்தில் இருந்தது. ரிங்வே ஆய்வு அதை எடுத்துப் பார்க்கவில்லை. பின்னாளில், 1994-இல், அரசே நியமித்த நிலைக்குழு ஒன்று சாலைகள் புதுப் போக்குவரத்தைப் பெருக்குகின்றன என்று முறைப்படி ஒப்புக்கொண்டபோது, அதே கிரேட் வெஸ்ட் ரோடு சான்றையும் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகள்.

எதிர் ஆய்வு வந்தது வெளியிலிருந்து. லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் தாம்சன் 1969-இல் எழுதிய ‘மோட்டார்வேஸ் இன் லண்டன்’ நூல், அதிகாரிகள் வெளியிட்ட எண்களையே கையிலெடுத்து, இழக்கும் வீடுகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் உரிய இடத்தைத் தந்தால் கணக்கு எப்படித் திரும்புகிறது என்று காட்டியது. டக்ளஸ் ஜே, பாட்டர்ஸியின் நாடாளுமன்ற உறுப்பினர், முன்னாள் அமைச்சர், மோட்டார்வே எதிர்ப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ‘சாலைக்கு முன் வீடு’ என்ற பெயரிலேயே ஒரு கட்சி 1970 கவுன்சில் தேர்தலில் நின்றது. ஓர் அரசு தன் திட்டத்துக்குச் செய்யும் ஆய்வில் எதிர்க் கேள்விக்கு இடம் ஒதுக்காதபோது, அந்தக் கேள்வியைக் குடிமக்கள் தங்கள் மாலை நேரத்திலும் சொந்தக் காசிலும் கேட்க வேண்டியிருக்கிறது. ரிங்வே வரலாற்றில் எனக்கு மிகவும் அநீதியாகப் படுவது இதுதான். எதிர்த்தவர்கள் வென்றார்கள் என்பது இந்த அநீதியைச் சரிசெய்துவிடாது.

வென்றதற்கு ஒரு காரணம், திட்டத்தின் ஒரு துண்டு கண்ணெதிரே எழுந்து நின்றது. 1970 ஜூலை 28 அன்று வெஸ்ட்வே திறக்கப்பட்டது. பாடிங்டனிலிருந்து வட கென்சிங்டன் வரை நாலு கிலோமீட்டர் நீளத்தில், கான்கிரீட் தூண்களின் மேல், குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும் உயர்மட்டச் சாலை. ஆக்லம் ரோட்டில் எஞ்சிய வீடுகளின் படுக்கையறை ஜன்னலுக்குச் சில அடி தூரத்தில், அதே உயரத்தில், லாரிகள் ஓடின. இந்த நரகத்திலிருந்து எங்களுக்கு வேறு வீடு கொடுங்கள் என்று எழுதிய பதாகையைத் திறப்பு நாளன்றே அந்த வீட்டுக்காரர்கள் தொங்கவிட்டார்கள். மாதிரிகளிலும் வரைபடங்களிலும் மெல்லிய நாடாவைப் போலத் தெரிந்தது நேரில் எப்படி இருக்கும் என்று லண்டன் முழுவதும் பார்த்தது. சாலைக்குக் கீழே மிஞ்சிய 23 ஏக்கரை என்ன செய்வது என்பதற்கே மறு ஆண்டு ஓர் அறக்கட்டளையை அமைக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டப்பட்ட துண்டுகள் எங்கே இருக்கின்றன? வட கென்சிங்டன், ஷெப்பர்ட்ஸ் புஷ், ஹாக்னி விக், போ, பாப்லர். அந்நாளில் வாடகைக் குடும்பங்களும் தொழிலாளர்களும் புதிதாய் வந்த கரீபியர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள். கட்டப்படாத பகுதிகளில் பிளாக்ஹீத், ஹாம்ப்ஸ்டெட் ஓரம், செல்ஸி எல்லாம் வருகின்றன. எதிர்ப்பு வலுப்பதற்கு முன்னால் எளிதாகக் கிடைத்த நிலத்தில் முதலில் கட்டினார்கள். மோட்டார்வே எதிர்ப்பை மொத்த லண்டனின் வெற்றியாகக் கொண்டாடும்போது, அந்த வெற்றி வந்து சேர்வதற்குள் யாருடைய தெரு போய்விட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

வளர்ச்சித் திட்டத்தின் மீதான பொது விசாரணை ஃபிராங்க் லேஃபீல்ட் தலைமையில் 1970 முதல் 1972 வரை நடந்தது. வந்த ஆட்சேபணைகள் 28,000-க்கும் மேல். பெரும்பாலானவை சாலைகள் பற்றியவை. 1973 பிப்ரவரியில் வெளியான அறிக்கை இரு தரப்பையும் ஏமாற்றியது. திட்டத்தை வெகுவாக வெட்டியது. ஆனால் உள் வளையமான ரிங்வே 1 வேண்டும் என்றது. அரசும் அதைப் பெரும்பாலும் ஏற்றது. ஏப்ரலில் நடந்த கவுன்சில் தேர்தலில், மோட்டார்வேக்களைக் கைவிடுவோம் என்று வாக்குறுதி தந்த தொழிற்கட்சி வென்றது. வென்றதும் கைவிட்டது. இதே கட்சிதான் 1965-இல் மோட்டார்வே பெட்டியைத் தூக்கிப் பிடித்தது என்பதையும், இடையில் ஆண்ட பழமைவாதிகள் அதை அப்படியே தொடர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இரு கட்சிகளும் ஒப்புக்கொண்டிருந்த ஒன்றை வாக்காளர்கள் கலைத்தார்கள்.

எண்ணெய் நெருக்கடியும் பணமின்மையும்தான் ரிங்வேயைக் கொன்றன என்று எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. தேதிகள் இதை ஆதரிக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது ஏப்ரலில். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியது அக்டோபரில். நெருக்கடி திட்டத்தின் மேல் மண்ணைப் போட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்; உயிரை எடுத்தது அதுவல்ல.

இனி, கோட்டின் வேலைக்கு வருகிறேன். பயிர் கருகிப்போவதற்கு வைத்திருந்த ‘பிளைட்’ என்ற சொல்லையே ஆங்கிலத்தார் இந்த வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். பொருத்தமான சொல். ஒரு தெருவின் மேல் கோடு விழுந்ததும் அந்த வீட்டை வாங்க ஆளிருக்காது. அடமானக் கடன் கிடைக்காது. என்றைக்கோ இடிக்கப்போகும் வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? மழை இறங்கும். முடிந்தவர்கள் குறைந்த விலைக்காவது விற்றுவிட்டுப் போவார்கள், முடியாதவர்கள் இருப்பார்கள். கடைசியில் அதிகாரி வந்து பார்க்கும்போது தெரு உண்மையாகவே பாழடைந்திருக்கும், இடிக்கத் தகுந்ததாகவே இருக்கும். கோடு தன் நியாயத்தைத் தானே விளைவித்துக்கொள்கிறது. போக்குவரத்துக் கணிப்பில் பார்த்த அதே வட்டம் இங்கே செங்கல்லில் நடக்கிறது.

பிரிட்டிஷ் சட்டம் இந்தக் கருகலை 1959-இலேயே அடையாளம் கண்டது. கோடு விழுந்ததால் விற்க முடியாமல் தவிக்கும் வீட்டுக்காரர், என் வீட்டை இப்போதே நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதிகாரத்துக்கு அறிவிப்புக் கொடுக்கலாம் என்றது அந்த ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டம். ஆனால் இது சொந்த வீட்டில் குடியிருந்தவருக்கும் சிறு கடைக்காரருக்கும் கிடைத்த வழி; வாடகைக்கு இருந்தவர்களைத் தொடவில்லை. 1973-ஆம் ஆண்டு நில இழப்பீட்டுச் சட்டம் இன்னொரு படி போனது. நிலம் எதுவும் எடுக்கப்படாவிட்டாலும், புதிய சாலையின் இரைச்சல், அதிர்வு, புகை, விளக்கு வெளிச்சம் ஆகியவற்றால் வீட்டின் மதிப்பு குறைந்தால் ஈடு உண்டு. இடம்பெயர்கிற குடியிருப்போருக்குத் தனித் தொகை உண்டு. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஆக்லம் ரோடு ஜன்னல்கள் இருக்கின்றன என்றே நான் வாசிக்கிறேன்.

கோடு கட்டடமாக மாறிய இடம் ஒன்று பிரிக்ஸ்டனில் இருக்கிறது. கோல்ட்ஹார்பர் லேனில் நடந்து போனால் சவுத்விக் ஹவுஸ் கண்ணில் படாமல் போகாது. நீண்டு வளைந்து மடிந்து கிடக்கும் செங்கல் சுவர்; அதில் கோட்டைச் சுவரின் துளைகளைப் போலச் சின்னஞ்சிறு ஜன்னல்கள். ஊர்க்காரர்கள் அதைத் தடுப்புக் கட்டடம் என்றே அழைக்கிறார்கள். சிறைச்சாலை என்று நினைத்துப் போகும் வழிப்போக்கர்களும் உண்டு. பின்புறம் சென்று பார்த்தால் வேறு கட்டடம்: மாடிமுகப்புகள், பெரிய ஜன்னல்கள், வெயில். வடிவமைத்தவர் மக்டா போரோவியெக்கா. ரிங்வே 1 இந்த வழியாகத்தான் வரும், அதன் இரைச்சலிலிருந்து பின்னாலுள்ள குடியிருப்பைக் காக்க ஒரு சுவர் வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்ட நிபந்தனை. அவர் அதைக் கருணையோடு நிறைவேற்றியிருக்கிறார் என்பது பின்புறத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ரிங்வே 1973-இல் போயிற்று. கட்டடம் 1981-இல் முடிந்தது. வராத சாலைக்கு முதுகைக் காட்டியபடி இன்றும் மக்கள் அதில் குடியிருக்கிறார்கள்.

ரத்து என்ற சொல்லும் கோட்டை முழுவதும் அழிப்பதில்லை. எம்11 நகருக்குள் நீளும் திட்டம் போனபின்னும் அதன் ஒரு பகுதி வேறு பெயரில் உயிரோடிருந்தது. லேட்டன்ஸ்டோனில் கிளேர்மாண்ட் ரோட்டு வீடுகளைப் போக்குவரத்துத் துறை படிப்படியாக வாங்கி வைத்திருந்தது. இடிக்கும்வரை என்று ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் குறுகிய காலத்துக்கு விட்டிருந்தார்கள். 1993-94-இல் இணைப்புச் சாலை வேலை தொடங்கியபோது வான்ஸ்டெட்டில் முதிர்ந்த செஸ்ட்நட் மரத்தைச் சுற்றியும், பிறகு கிளேர்மாண்ட் ரோட்டுக் கூரைகளின் மேலும் நடந்த மறியல் பிரிட்டனின் சாலை எதிர்ப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயம். அந்தச் சாலை 1999-இல் திறந்தது. தாத்தா காலத்தில் போட்ட கோட்டுக்குப் பேரன் வீட்டைக் காலி செய்தான் என்று சொன்னால் அது மிகையல்ல.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் போவது நியாயமாகாது. ரிங்வே இல்லாத தென் லண்டன் என்ன நிலையில் இருக்கிறது? சவுத் சர்க்குலர் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பது பெரும்பாலும் தனிச் சாலையே அல்ல. கேட்ஃபர்டு, டல்விச், கிளாப்பம் என்று இருந்த தெருக்களைக் கோத்து எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதன் ஓரத்தில் குழந்தைகளோடு வாழ்கிறவர்கள் தினமும் குடிக்கும் புகையும் ஒரு விலைதான். கட்டாததற்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடக்கே ரிங்வே 2-இன் வாரிசான நார்த் சர்க்குலர், ரோடிங் ஆற்றங்கரை வழியாக பார்க்கிங் வரை 1987-இல் நீண்டது. ஈஸ்ட் ஹாம் தமிழர்கள் அன்றாடம் ஏறி இறங்கும் சாலை அது. பயன் இருக்கிறது. ஆனால் சாலை கட்டியிருந்தால் நெரிசல் தீர்ந்திருக்கும் என்பதற்கு வெளி வளையங்களின் வாரிசே பதில். ரிங்வே 3-இன் வடபாதியையும் 4-இன் தென்பாதியையும் ஒட்டவைத்து உருவான எம்25, 188 கிலோமீட்டர் நீளத்தில், 1986 அக்டோபர் 29 அன்று மார்கரெட் தாட்சர் கையால் முழுமை பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அதை அகலப்படுத்தும் பேச்சு வந்துவிட்டது. 1994-இல் அந்த நிலைக்குழு தந்த அறிக்கை ஆராய்ந்த சாலைகளில் அதுவும் ஒன்று.

தமிழ் வாசகருக்கு இந்தக் கோட்டின் வேலையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்காக, 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்ற கணக்கோடு, ஐந்து மாவட்ட வயல்களில் முட்டுக்கல் நட்டபோது நடந்ததை ஊரறியும். நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவே நட்ட கல் நிலத்தை எடுத்துவிடவில்லை; ஆனால் கல் நின்ற வயலைக் காட்டி மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டால் என்ன ஆகும் என்பது கேட்டவருக்குத் தெரியும்.

இந்த ஒப்பீட்டில் என்னைக் கவர்வது சட்டம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி வருவது நிலம் எடுக்கும் எண்ணத்தைச் சொல்லும் அறிவிக்கை. 3டி அறிவிக்கை வந்தால்தான் நிலம் மத்திய அரசுக்குப் போகிறது. முதலாவது வெளியாகி ஓராண்டுக்குள் இரண்டாவது வரவில்லை என்றால் முதலாவது செத்துப்போகும். நீதிமன்றத் தடை இருந்த காலம் மட்டும் கணக்கில் சேராது. அதாவது, கோட்டுக்கு ஆயுள் உண்டு என்று நம் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. லண்டனில் 1943-இல் போட்ட கோட்டுக்கு அப்படிப்பட்ட தேதி எதுவும் இருந்ததில்லை. முப்பது ஆண்டு ஓடியது. இந்த ஓராண்டு விதியை நம் நெடுஞ்சாலை விவாதங்களில் யாரும் போதிய அளவு மதிப்பதில்லை. அது அரசுக்கு வைத்த காலக்கெடு மட்டுமன்று. நிச்சயமில்லாமல் வாழச் சொல்லி ஒரு குடும்பத்தை எத்தனை நாள் கேட்கலாம் என்பதற்கு வைத்த எல்லை.

எட்டு வழிச்சாலை வழக்கில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பகுதி மாற்றி, 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்றது. இரு தீர்ப்புகளும் எதிரெதிர்த் திசையில் போனவை. ஆனால் ஓர் இடத்தில் ஒத்துப்போயின. நிலம் இன்னும் அரசுக்குச் சேராத அந்த முதல் கட்டத்திலேயே வருவாய்ப் பதிவேடுகளில் உடைமையாளர் பெயரை மாற்றியிருந்தார்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, பழைய பெயர்களே திரும்பப் பதியப்பட வேண்டும் என்று இரண்டு நீதிமன்றங்களும் சொல்லின. வெறும் எண்ணமாக இருக்கவேண்டிய கோடு, பட்டாவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. அதைப் பிடித்து வெளியே எடுத்தார்கள்.

மிச்சமிருப்பது 3ஏ-வுக்கும் முந்திய கட்டம். மூன்று நான்கு மாற்றுத் தடங்களை ஆலோசகர்கள் வரைந்து பார்க்கும் காலம்; எந்தத் தடம் என்று ஊருக்குச் சொல்லாத, ஆனால் நிலத் தரகர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிற காலம். பிரெஸ்ஸி அறிக்கையின் நாலரை மடங்கு அந்தக் கட்டத்தில்தான் எடுத்துப் பார்க்கப்பட வேண்டும், தாம்சனின் எதிர்க் கணக்கு அந்தக் கட்டத்தில்தான் அரசுச் செலவில் போடப்பட வேண்டும். கைவிட்ட தடங்கள் எவை, எந்த நாளில் கைவிடப்பட்டன என்ற அறிவிப்பும் அந்தந்தக் கிராம நிர்வாக அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சர்வே எண்ணோடு, தேதியோடு, இனி இந்த நிலத்தின் மேல் எங்களுக்கு எந்த எண்ணமும் இல்லை என்ற ஒரு வரியோடு.